நட்சத்திர ஹோட்டல் உணவகத்தில் நிறைவாகச் சாப்பிடுவது எப்படி? முன்பதிவு முதல் பில் வரை முழு வழிகாட்டி

பெரிய ஹோட்டலின் உணவகத்துக்குச் சாப்பிடப் போகிறோம் என்றாலே பலருக்கு முதலில் வருவது கூச்சம்தான். எந்தக் கரண்டியை எடுப்பது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்ற யோசனையிலேயே பாதிச் சாப்பாடு முடிந்துவிடும். பில் வரும்போது, இவ்வளவு கொடுத்தும் மனசுக்குப் பிடித்த மாதிரி சாப்பிடவில்லையே என்ற ஆதங்கம் மிஞ்சும். அங்கே நாம் கொடுக்கும் விலை தட்டில் வரும் உணவுக்கு மட்டுமானதல்ல. நம் தேவையைக் கேட்டு, அதற்கேற்பச் செய்து தரும் உழைப்பும் அதில் அடக்கம். ஆகவே வேண்டியதை வாய்விட்டுக் கேட்க வேண்டும், முடிந்தவரை முன்கூட்டியே கேட்க வேண்டும். எதை, எப்போது, யாரிடம் கேட்பது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

ஏன் முன்கூட்டியே? அந்தச் சமையலறை இயங்கும் விதம் அப்படி. லண்டனில் சவாய் ஹோட்டல் 1889-இல் திறந்தது. சேசர் ரிட்ஸ் அதன் மேலாளரானார், அகஸ்தே எஸ்கோஃபியே சமையலறைக்குத் தலைமை ஏற்றார். ஒவ்வொரு விருந்தினரும் வெவ்வேறு உணவைக் கேட்டாலும் எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வர வேண்டும். அதற்காக எஸ்கோஃபியே சமையலறையைப் பிரிவுகளாகப் பிரித்தார். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இறைச்சிக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் எனப் பல கைகள் சேர்ந்து ஒரு தட்டை முடிக்கும் முறை இது. இன்றைக்கும் பெரிய ஹோட்டல் சமையலறைகள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் ஓடுகின்றன. சாஸ்களும் சூப்புக்கான அடிப்படைச் சாறும் உணவகம் திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே தயாராகிவிடும். இரவு 8 மணிக்கு மேசையில் உட்கார்ந்து ‘இதில் பால் சேர்க்க வேண்டாம்’ என்று சொன்னால், பாதித் தயாரான பொருளில் எதையும் மாற்ற முடியாது. முந்தைய நாளே சொல்லியிருந்தால் உங்களுக்கென்று தனியாகச் செய்து வைத்திருப்பார்கள்.

படி 1: எந்த உணவகம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஹோட்டலுக்குள் பல உணவகங்கள் இருக்கும். காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் பொதுவான உணவகத்தில் பஃபே இருக்கும், குழந்தைகளோடு போக வசதி. ஒரு குறிப்பிட்ட சமையல் வகைக்கென்றே தனி உணவகம் இருக்கும். அங்கேதான் தலைமைச் செஃப்பின் கவனம் அதிகம். லாபியிலோ மொட்டை மாடியிலோ இருக்கும் இடங்கள் பேச்சுக்கும் காட்சிக்கும் ஏற்றவை. அங்கே சாப்பாடு இரண்டாம்பட்சம் என்பது என் எண்ணம். நல்ல சாப்பாடுதான் நோக்கம் என்றால் தனி உணவகத்துக்கே போங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் என்றால் அது அறைகள், வசதிகள், பணியாளர் சேவை எல்லாவற்றையும் வைத்துக் கொடுக்கப்படுவது. உணவின் ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை. மிஷெலின் வழிகாட்டியின் நட்சத்திரம் வேறு, அது உணவகத்துக்கு மட்டும். டயர் நிறுவனமான மிஷெலின் 1900-இல் வாகன ஓட்டிகளுக்காக அந்த வழிகாட்டியைத் தொடங்கியது. 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்து, 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என அடுக்கியது. ஒன்று என்றால் அதன் வகையில் மிக நல்ல உணவகம், இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். மொனாக்கோவில் ஓட்டல் த பாரி என்ற ஹோட்டலுக்குள் பிரெஞ்சு செஃப் அலென் துகாஸ் நடத்திய லூயி கேன்ஸ் உணவகம் 1990-இல் மூன்று நட்சத்திரம் பெற்றது. ஆக, ஹோட்டலுக்குள் இருப்பதாலேயே உணவகம் சுமாராக இருக்கும் என்பதும் தவறு, பெரிய ஹோட்டல் என்பதாலேயே பிரமாதமாக இருக்கும் என்பதும் தவறு. அந்த உணவகத்தைப் பற்றித் தனியாக விசாரியுங்கள்.

படி 2: மெனுவை வீட்டிலேயே படித்துவிடுங்கள்

பெரும்பாலான ஹோட்டல்கள் மெனுவை இணையதளத்தில் போட்டிருக்கும். இல்லையென்றால் போன் செய்து அனுப்பச் சொல்லலாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது மெனுவின் வகை.

அ லா கார்ட் என்றால் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனி விலை, வேண்டியதை மட்டும் சொல்லலாம். செட் மெனுவில் ஒரே விலைக்கு இரண்டு மூன்று சுற்றுகள் (ஒன்றன்பின் ஒன்றாக வரும் பதார்த்தங்கள்) வரும். பல உணவகங்கள் மதிய நேரத்தில் இதை இரவை விடக் குறைந்த விலைக்குத் தருகின்றன. அதே சமையலறை, அதே செஃப், விலை மட்டும் குறைவு. முதன்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மதிய செட் மெனுதான். டேஸ்டிங் மெனு என்பது சிறு சிறு அளவில் ஐந்து முதல் பத்துக்கு மேலும் போகும் சுற்றுகள். சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம்கூட ஆகலாம். மேசையில் இருக்கும் எல்லாருமே அதைத்தான் எடுக்க வேண்டும் என்று பல இடங்களில் நிபந்தனை உண்டு. பசியோடு வரும் குழந்தையையோ, சீக்கிரம் தூங்கப் போகும் பெரியவரையோ வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சர்வீஸ் சார்ஜும் வரியும் அதற்கு மேல் தனியாக வரும் என்று அர்த்தம்.

படி 3: முன்பதிவு

இணையத்தில் பதிவு செய்தாலும், ஒரு முறை போன் செய்து பேசிவிடுங்கள். மதிய உணவுக் கூட்டம் கலைந்து, இரவு வேலை தொடங்காத பிற்பகல் நேரம் இதற்கு நல்லது. போனை எடுப்பவருக்கு அப்போதுதான் நிதானமாகக் கேட்க நேரம் இருக்கும்.

எத்தனை பேர், எத்தனை மணி, என்ன விசேஷம், சக்கர நாற்காலியோ குழந்தை நாற்காலியோ வேண்டுமா என்பவற்றை வழக்கம்போலச் சொல்லுங்கள். அப்புறம், அவர்களாகச் சொல்லாத மூன்று விஷயங்களை நீங்களே கேளுங்கள். கடைசி ஆர்டர் எத்தனை மணி? 10:30 வரை திறந்திருக்கும் என்றால் ஆர்டர் அதற்கு வெகு முன்பே நின்றுவிடலாம். மேசையை எவ்வளவு நேரத்துக்குள் காலி செய்ய வேண்டும்? ஒரே மேசையை ஓர் இரவில் இரண்டு குழுக்களுக்குக் கொடுக்கும் இடங்கள் உண்டு. வராமல் போனால் கட்டணம் பிடிப்பார்களா? கார்டு எண்ணைக் கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலும் பிடிப்பார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்யலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேசை எங்கே என்பதும் பேச வேண்டிய விஷயம். ‘நல்ல மேசையாகக் கொடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. ‘சமையலறைக் கதவுக்கும் கழிவறை வழிக்கும் பக்கத்தில் வேண்டாம், பெரியவருக்குக் காது சரியாகக் கேட்காது, சத்தம் குறைந்த மூலை வேண்டும்’ என்று சொன்னால் அவர்களால் யோசித்து ஒதுக்க முடியும்.

படி 4: சைவமா, ஒவ்வாமையா? விவரமாகச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ‘நான் சைவம்’ என்ற ஒரு சொல் போதாது. மேலைச் சமையலில் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் அசைவம் கலந்திருக்கும். காளான் ரிசொட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவு பார்க்கச் சைவம்தான், அரிசியை வேகவைப்பது கோழிச் சாறாக இருக்கலாம். பிரெஞ்சு வெங்காய சூப்பின் அடிப்படை வழக்கமாக மாட்டு எலும்புச் சாறு. சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலியைப் போன்ற ஆன்சோவி மீன் இருக்கும். பன்னா கோட்டா, சில வகை மூஸ், மார்ஷ்மெல்லோ ஆகிய இனிப்புகள் கெட்டியாவது ஜெலட்டினால், அது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரிய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். பாலாடைக்கட்டிதானே என்று சாப்பிடுபவர்கள் பலருக்கு இது தெரியாது.

எனவே பட்டியலாகச் சொல்லுங்கள்: ‘இறைச்சி, மீன், முட்டை வேண்டாம். அவற்றிலிருந்து எடுத்த சாறு, கொழுப்பு, ஜெலட்டின், ரென்னெட் சேர்ந்த சீஸும் வேண்டாம். பால், வெண்ணெய், தயிர் சாப்பிடுவோம்.’ முன்பதிவின்போது சொன்னதை மேசையில் ஆர்டர் எடுப்பவரிடம் மறுபடி சொல்லுங்கள். இரண்டு முறை சொல்வது தொந்தரவு என்று அவர்கள் நினைக்க மாட்டார்கள். நல்ல உணவகத்தில் கேப்டன் (ஆர்டர் எடுக்கும் மூத்த பணியாளர்) அதைக் குறித்துக்கொண்டு, தெரியாததைச் சமையலறையில் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்வார். கேட்காமலேயே ‘ஒன்றும் இருக்காது சார்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால், ‘செஃப்பிடம் ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்கள்’ என்று மரியாதையாக ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

ஒவ்வாமை என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பிடிக்காததையும் உடம்புக்கு ஆகாததையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘வேர்க்கடலை பிடிக்காது’ என்றால் மேலே தூவுவதை மட்டும் நிறுத்துவார்கள். ‘வேர்க்கடலை ஒவ்வாமை, தடயம் பட்டாலே மூச்சு அடைக்கும்’ என்றால் கத்தி, பலகை, எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றுவார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிய தகவலை உணவகங்கள் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். மற்ற நாடுகளிலும் பெரிய ஹோட்டல்கள் இப்படி ஒரு பட்டியலை வைத்திருப்பது வழக்கம், கேட்டால் காட்டுவார்கள். பஃபேயில் ஒரே கரண்டி நாலு பாத்திரத்துக்குப் போய் வரும் என்பதால் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வாமை உள்ளவரின் பெயரைச் சொல்லி, எந்த இருக்கை என்றும் காட்டிவிடுங்கள்.

படி 5: உடையும் வருகையும்

உடை விதி என்ன என்று முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி போதும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும்தான் வழக்கமாகத் தடுக்கப்படுபவை. நேரத்துக்குப் போய்விடுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் போன் செய்யுங்கள், இல்லையென்றால் மேசை கைமாறிவிடலாம்.

படி 6: மேசையில்

கரண்டிகளைப் பார்த்து மிரள வேண்டாம். வெளிப்புறத்தில் இருப்பது முதல் சுற்றுக்கு, அடுத்தடுத்த சுற்றுகளுக்கு உள்ளே உள்ளே போக வேண்டும். தட்டுக்கு மேலே குறுக்காக இருப்பவை இனிப்புக்கு. ரொட்டித் தட்டு உங்கள் இடப்பக்கம், தண்ணீர் டம்ளர் வலப்பக்கம். வட்ட மேசையில் பக்கத்து ஆளின் ரொட்டியை எடுத்துவிடாமல் இருக்க இது ஒன்று தெரிந்தால் போதும். ரொட்டியைக் கையால் பிட்டே சாப்பிடலாம். தவறான கரண்டியை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த சுற்றுக்கு முன் சத்தமில்லாமல் சரியானதை வைத்துவிடுவார்கள்.

கத்தியையும் முள்கரண்டியையும் வைக்கும் விதம் மட்டும் பணியாளருக்கு ஒரு செய்தி. தட்டில் கூரை போலச் சாய்த்துப் பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள், ஒன்றாகச் சேர்த்து இணையாக வைத்தால் முடிந்துவிட்டது. தட்டைச் சீக்கிரம் தூக்கிவிட்டார்களே என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் தெரியாமல் இரண்டாவது மாதிரி வைத்திருப்பார்கள்.

படி 7: ஆர்டர் செய்வது

உட்கார்ந்ததும் ‘எந்தத் தண்ணீர்?’ என்று கேட்பார்கள். பாட்டில் தண்ணீருக்குப் பணம் உண்டு, வேண்டாமென்றால் ‘சாதாரணத் தண்ணீர் போதும்’ என்று சொல்லத் தயங்காதீர்கள். ‘இன்றைய ஸ்பெஷல்’ என்று வாயால் சொல்லும் பதார்த்தங்களின் விலை மெனுவில் இருக்காது. விலையைக் கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. மீன், நண்டு வகைகளுக்கு ‘சந்தை விலை’ என்று போட்டிருந்தால், உங்கள் தட்டில் வரப்போகும் எடைக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். நூறு கிராமுக்கான விலையைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான் அதிகம்.

‘இங்கே எது நன்றாக இருக்கும்?’ என்ற கேள்விக்கு ‘எல்லாமே’ என்றுதான் பதில் வரும். ‘புளிப்பு எனக்குப் பிடிக்கும், கனமான கிரீம் ஒத்துக்காது, இந்த இரண்டில் எதை எடுக்கலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பணியாளரின் முகமே மாறும். தான் ருசித்துப் பார்த்ததை வைத்து மனதாரச் சொல்வார்.

மாட்டிறைச்சி ஸ்டேக் சாப்பிடுபவர்கள் எவ்வளவு வேக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். உள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ரேர், 55 அளவில் மீடியம் ரேர், 60 தாண்டினால் மீடியம், 70-க்கு மேல் வெல் டன். இளஞ்சிவப்பு கூடவே கூடாது என்றால் ‘வெல் டன்’ என்றே சொல்லுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், சமைக்கக் கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

பகிர்ந்து சாப்பிடுவதானால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். பல இடங்களில் சமையலறையிலேயே இரண்டு தட்டாகப் பிரித்து அழகாக அடுக்கிக் கொண்டுவருவார்கள். ஆர்டர் கொடுத்து முடித்ததும் ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 9 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் இப்போதே சொல்லுங்கள், சுற்றுகளுக்கு இடையிலான இடைவெளியைச் சமையலறை அதற்கேற்பக் குறைக்கும்.

படி 8: வைன் வேண்டுமா, வேண்டாமா

வேண்டாம் என்றால் ஒரே சொல்லில் முடிந்தது. டேஸ்டிங் மெனுவோடு வைனுக்குப் பதிலாகப் பழச்சாறு, தேநீர் போன்றவற்றை ஒவ்வொரு சுற்றுக்கும் பொருத்தித் தரும் உணவகங்கள் இப்போது பெருகிவிட்டன. இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேண்டும் என்பவர்களுக்கு சோமெலியே என்ற வைன் நிபுணர் வருவார். விலையை மற்றவர்கள் முன் சொல்லக் கூச்சமாக இருந்தால், பட்டியலில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையை விரலால் தொட்டுக் காட்டி ‘இந்த மாதிரி ஒன்று’ என்று சொல்லுங்கள், அவருக்குப் புரிந்துவிடும். ஒரு பாட்டில் 750 மில்லி, 150 மில்லி கிளாஸில் ஐந்து வரும். இரண்டு பேருக்குக் கிளாஸ் கணக்கில் வாங்குவதா, பாட்டிலா என்பதை இதை வைத்துக் கணக்குப் போடலாம்.

பாட்டிலைக் கொண்டுவந்து லேபிளைக் காட்டுவார். நீங்கள் சொன்ன பெயரும் ஆண்டும்தானா என்று பாருங்கள். பட்டியலில் இருந்த ஆண்டு மாறியிருந்தால் விலையும் மாறலாம். மூடியைத் திறந்து கொஞ்சமாக ஊற்றிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து நிற்பார். ருசி பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, வைன் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கிளாஸை மெல்லச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ ஈரப் பாசி வாடையோ வந்தால் கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற வேதிப்பொருள் வைனைக் கெடுத்திருக்கிறது. ‘வாடை சரியில்லை போலிருக்கிறது, நீங்களும் பாருங்களேன்’ என்று சொன்னால் போதும், அவரே முகர்ந்து பார்த்து மாற்றிவிடுவார்.

படி 9: குறை இருந்தால் அங்கேயே, அப்போதே

உணவு ஆறிப்போயிருக்கிறதா, கேட்டது ஒன்று வந்தது ஒன்றா? இரண்டு வாய் சாப்பிட்டதுமே சொல்லுங்கள். தட்டைக் காலி செய்துவிட்டுச் சொன்னால் அவர்களால் திருத்த முடியாது, பில்லில் கழிப்பதும் சிக்கலாகிவிடும். ‘மீன் நடுவில் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்’ என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். வெயிட்டரால் முடிவெடுக்க முடியவில்லை என்றால் உணவக மேலாளரைக் கூப்பிடச் சொல்லலாம். குரலை உயர்த்தத் தேவையே இல்லை. சமைத்தவர் வேறு, கொண்டுவந்தவர் வேறு என்பதை மறக்கக்கூடாது. தட்டைச் சுமந்து வந்தவர் மீது கோபத்தைக் காட்டுவது நியாயமில்லை.

பஃபே என்றால்

தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கண் எதிரே செய்து தரும் கவுன்டர்களில்தான் நல்ல சாப்பாடு இருக்கிறது, முட்டையாகட்டும் பாஸ்தாவாகட்டும். மூடிபோட்ட பாத்திரங்களில் நெடுநேரம் சூட்டிலேயே கிடக்கும் பொரித்த வகைகள் நமத்துப்போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை எடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதுத் தட்டு. பஃபேயிலும் கேட்கலாம்: குழந்தைக்குக் காரமில்லாத ஏதாவது வேண்டும் என்றால் சமையலறையில் சொல்லிச் செய்து தரும் இடங்கள் நிறைய.

படி 10: பில்

நிதானமாகப் படியுங்கள். ஆர்டர் செய்யாதது ஏதாவது ஏறியிருக்கிறதா, தண்ணீர் எத்தனை பாட்டில், சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் டிப்ஸ் கொடுப்பது முழுக்க உங்கள் விருப்பம். அதற்குக் கீழே ‘கிராட்யுட்டி’ என்று டிப்ஸுக்காக இன்னொரு காலி வரி இருந்து, கொடுக்க விருப்பமில்லை என்றால் அதில் கோடு போட்டுவிட்டு மொத்தத் தொகையைத் தெளிவாக எழுதுங்கள்.

அந்த ஹோட்டலிலேயே தங்கியிருந்தால் அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். கையெழுத்துப் போட்ட பில்லின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அறையைக் காலி செய்யும்போது ஒப்பிடுங்கள். அறை வாடகையில் இரவு உணவு அடக்கம் என்றால், எந்த உணவகத்தில், எந்த மெனுவுக்கு, பானமும் சேர்த்தா என்று சாப்பிடும் முன்பே கேளுங்கள். வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ‘உங்கள் ஊர்ப் பணமா, இந்த ஊர்ப் பணமா’ என்று கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இயந்திரம் அங்கேயே மாற்றித் தரும் விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்தான்.

கிளம்பும் முன், நன்றாகக் கவனித்துக்கொண்டவரின் பெயரைக் கேட்டு மேலாளரிடம் சொல்லுங்கள், அது அவருடைய வேலைக்கு உதவும். பெரிய ஹோட்டல்கள் அடிக்கடி வரும் விருந்தினர்களைப் பற்றிய குறிப்புகளைப் பதிவு செய்து வைப்பது வழக்கம். உங்கள் சைவப் பட்டியல், ஒவ்வாமை, பிடித்த மூலை மேசை ஆகியவற்றை அதில் ஏற்றச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை போன் செய்யும்போது, பழைய குறிப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், விடுபட்டதை மட்டும் சொன்னால் போதும்.